வெயிலில் மாறாத சிவப்பு

பெயிண்ட் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிக்கே தெரியாது. ரெட்டைப்பூட்டு என்று கேட்டால், கம்ப்யூட்டர் அறை வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார். அந்த அறைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கும். ஒன்று போதாதா என்றால், ஒரு பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி போதுமே என்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, பைக்குள் இரண்டு மூக்குக்கண்ணாடி, மேசைக்கடியில் இரண்டு குடை. மழை நாளில் அந்த இரண்டாவது குடையை இரவல் கேட்டுப் போய் நனைந்து வந்தவர்கள்தான் அதிகம். கொடுத்துவிட்டால் அப்புறம் அது எப்படி இரண்டாவது குடையாகும்? எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருக்கிற மனுஷன் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது யாருடைய அதிர்ஷ்டம் என்று அவர் மனைவி கேட்பதுண்டு.

சிரிப்பதற்கு வசதியான ஆள்தான். ஆனால் தொழில் அவரை அப்படி ஆக்கியிருந்தது. ஆர்டர், சரக்கிருப்பு, எந்தப் பெயிண்டில் எந்தப் பொடி எத்தனை கிராம் என்பது வரைக்கும் அந்தக் கம்பெனியின் முழு மூளையும் ஒரே ஒரு சர்வரில் இருந்தது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தின் மேலேயே புதியதை ஏற்றுகிற துணிச்சல்காரர்கள் உண்டு. ஏற்றும்போது பாதியில் நின்றுபோய், நாள் கணக்கில் கம்பெனியைப் படுக்க வைத்த துணிச்சல்காரர்களும் உண்டு. ரெட்டைப்பூட்டு ஆழம் பார்க்காமல் காலை விடுகிறவர் இல்லை.

அவர் வழி வேறு. குடியிருக்கிற வீட்டைக் கொத்தி இடிக்காமல், பக்கத்து மனையில் அதே மாதிரி இன்னொரு வீட்டைக் கட்டுவார். அதாவது, ஓடுகிற டிஸ்கை அச்சு அசலாக இரண்டாவது டிஸ்கில் குளோன் எடுப்பார். புதிய சிஸ்டத்தை அந்தக் குளோனில்தான் ஏற்றுவார். மராமத்து அங்கே நடந்துகொண்டிருக்கும், இங்கே ஜனங்கள் வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் சர்வரை நிறுத்தி, இரண்டாவது டிஸ்கிலிருந்து கிளப்புவார். ஏதாவது கோளாறு என்றால் பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறது, திரும்பிப் போய்விடலாம். எல்லாம் சரியாக ஓடினால், கொஞ்ச நாள் பொறுத்து, புதியதைப் பழைய டிஸ்கின் மேல் மறுபடி குளோன் எடுத்துவிடுவார். எடுத்து முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணு" என்பார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. குளோன் எடுத்த நாளுக்கும் குடிமாறுகிற நாளுக்கும் நடுவில் யாராவது பழைய டிஸ்கில் எதையாவது எழுதி வைத்தால், அது புதிய வீட்டுக்கு வராது. கம்பெனிக் கணக்கெல்லாம் தனி டிஸ்கில் இருப்பதால் அதற்குப் பயமில்லை. ஆனால் ஆட்களுக்கென்று சிஸ்டம் டிஸ்கிலேயே சின்னச் சின்ன இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மூலை என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அதனால், குளோன் எடுத்ததும் ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்: குடிமாறும் வரை அவரவர் மூலையில் எதையும் எழுத வேண்டாம். நோட்டீஸை யார் படிக்கிறார்கள்? அதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தார். பழைய டிஸ்கை அழிப்பதற்கு முன்னால் அதை எழுப்பி, ஒவ்வொருவர் மூலையாகத் திறந்து பார்த்து, இடையில் எழுதியது ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொண்டு வந்து புதியதில் சேர்ப்பார். இதை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. செய்வது யாருக்கும் தெரியவும் தெரியாது.

நோட்டீஸ் படிக்காதவர்களில் முதல் ஆள், அவருடைய சொந்த அண்ணன். அதே கம்பெனியில் கலர் ரூமில் இருந்தார். தம்பி கூப்பிடுவதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்து, முதலாளி வரைக்கும் அவருக்குக் கலர் அண்ணன் என்றே ஆகிவிட்டது. வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ கொண்டு வந்து இந்த நிறம் வேண்டும் என்றால், பொடிகளைக் கலந்து அதே நிறத்தைக் கொண்டு வருவது அவர் வேலை. தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்து விட்டதும் அவர்தான்.

அண்ணன் ரொம்பக் காலம் கலவைக் கணக்கைத் துண்டுத்தாளில் குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர். ஒருமுறை அண்ணி சட்டையோடு சேர்த்து ஒரு வார உழைப்பையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் தம்பி அவருக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். தாளெல்லாம் வேண்டாம், எழுதினதும் இதில் போட்டுடுங்க, நான் எல்லாத்துக்கும் ரெண்டு படி வச்சிருக்கேன், உங்க உசுரு போனாலும் உங்க கலர் போகாது என்று சொன்னார். அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பையில் யாரும் தாளைப் பார்க்கவில்லை. குளோன் எடுக்கும் நாட்களில் தம்பியே நேரில் கலர் ரூமுக்குப் போய், இந்த வாரம் உங்க மூலையைத் தொடாதீங்கண்ணே என்று சொல்லிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வருவார். அண்ணனுக்கு அதுதான் நோட்டீஸ்.

இப்படி இருந்ததில் மண் விழுந்தது ஒரு டீ இடைவேளையில். மேற்பார்வையாளர், இத்தனை தடவை சிஸ்டம் மாற்றியும் ஒரு மணி நேரம்கூட வேலை நின்றதில்லை என்று ரெட்டைப்பூட்டை எல்லோர் முன்னாலும் மெச்சினார். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அவன் என்னங்க பண்றான், இருக்கிறதையே இன்னொரு தடவ எழுதி வைக்கிறான். இல்லாததை உண்டாக்குறவன் நான்."

மேசை முழுக்கச் சிரிப்பு. அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார், சத்தியமாக விளையாட்டுதான். தம்பி நன்றாகப் பெயர் எடுத்தால் அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போடாமல் இருக்க முடியாத அண்ணன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் ரெட்டைப்பூட்டு தானும் சேர்ந்து சிரித்திருப்பார். அண்ணன் சொன்னதால் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து கலர் ரூம் பக்கம் போவதை நிறுத்தினார். எதிரில் வந்தால் கையிலிருக்கிற சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். தம்பிதானே, கோபம் ஆறினால் தானாக வருவான் என்று அண்ணன் இருந்துவிட்டார். நீரடித்து நீர் விலகாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் விலகாத நீரும் சில சமயம் நாள் கணக்கில் ஒன்றையொன்று பார்க்காமலே தேங்கி நிற்கும்.

அப்படித் தேங்கி நின்ற நாட்களில்தான் அடுத்த குளோன் வந்தது. நோட்டீஸ் ஒட்டினார். கலர் ரூமுக்குப் போகவில்லை. மற்றவர்களுக்கு என்னவோ அதுவே அவருக்கும் என்று மனதுக்குள் சட்டம் பேசிக்கொண்டார்.

அந்த வாரம் கலர் அண்ணன் கலர் ரூமுக்கும் முற்றத்துக்கும் இடையில் ஓயாமல் நடந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கையில் ஒரு மாதிரித் தகடு, அதில் ஒரு சிவப்புப் பூச்சு. டியூப்லைட்டில் பார்ப்பார், வெயிலுக்கு ஓடுவார், திரும்புவார், கலப்பார், மறுபடி ஓடுவார். நிறங்களுக்கு அப்படி ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே ரத்தச் சிவப்பாக இருப்பது வெயிலில் போனதும் ஆரஞ்சாகப் பல்லிளிக்கும். எந்த வெளிச்சத்திலும் குணம் மாறாத ஒரு சிவப்பைக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. கம்பெனி கேட்டதில்லை, வாடிக்கையாளரும் கேட்டதில்லை. வீட்டு வாசல் கதவுக்கு அடிக்க வேண்டும் என்று மட்டும் அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தார். அவளும் அந்தக் கதவுக்கு வேறு பெயிண்டே அடிக்கவிடாமல், மரம் வெளுத்துப்போய் நிற்கிற கதவோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தினாள்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு அது கிடைத்துவிட்டது. அடித்தட்டில் கிடந்த பழைய டப்பாக்களைச் சுரண்டி, பதினொரு பொடியைக் கலந்து, எது முன்னால் எது பின்னால் என்பது உட்படப் பிடித்துவிட்டார். தகடு வெயிலிலும் சிவப்பு, நிழலிலும் சிவப்பு, டியூப்லைட்டிலும் சிவப்பு. எல்லாவற்றையும் தன் மூலையில் எழுதி வைத்துவிட்டுத் தகட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடுமுறை நாளில் தம்பி குடிமாற்றினார். கோளாறே இல்லை, புதிய சிஸ்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் அண்ணன் தன் மூலையைத் திறந்தார். பழைய கணக்கெல்லாம் இருந்தது, அந்த வாரத்துக் கணக்கு மட்டும் இல்லை. இங்கேதான் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுந்து முப்பது அடி நடந்து, என் கணக்கு எங்கேடா என்று கேட்டிருந்தால், பழைய டிஸ்கை எழுப்பிக் கையில் கொடுத்திருப்பார்கள். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். அண்ணனோ, தம்பி கோபத்தில் வேண்டுமென்றே அழித்துவிட்டான் என்று முடிவு கட்டினார். இந்த அளவுக்குப் போனவனிடம் போய்க் கேட்பதா, அவனே வந்து சொல்லட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய டிஸ்கை அழிக்கிற நாளும் வந்தது. ரெட்டைப்பூட்டு வழக்கம்போல அதை எழுப்பினார். கிடங்குக்காரர் மூலையில் புதிதாக ஒரு பட்டியல் கிடந்தது, எடுத்து வந்து சேர்த்தார். கணக்குப் பிரிவுப் பெண்ணின் மூலையில் பாதி எழுதிய ஒரு விடுப்புக் கடிதம், அதையும் சேர்த்தார். அடுத்தது அண்ணன் மூலை. கை அங்கே நின்றது. வேண்டுமென்றால் வாயில்லையா அவருக்கு, இருப்பதை இன்னொரு தடவை எழுதுகிறவனுக்கு அவர் உண்டாக்கியதெல்லாம் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. திறக்காமலே தாண்டினார். புதியதைப் பழையதின் மேல் குளோன் எடுத்தார். முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணு" என்றார்.

அந்த மூலையில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று அவர் பின்னால் சொன்னார். தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை, அதையும் அவரேதான் சொன்னார்.

கொஞ்ச நாளில் கலர் அண்ணன் வேலையை விட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. வயதாகிறது, ஓய்வு எடுத்துக்கொள்கிறார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். தம்பிக்கு அது மற்றவர்கள் வாயால் தெரிய வந்ததில் இன்னும் கொஞ்சம் வீம்பு ஏறியது. அந்த வீம்பு அண்ணி வீடு தேடி வந்த சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது. கொடுத்த தண்ணீரை அவள் குடிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு போகுது தம்பி. ஆள் தெரியும், நடப்பாரு, எல்லாம் செய்வாரு. கலர் மட்டும் தெரியாது. நரம்பு மெலியுது, மொதல்ல சிவப்புதான் போகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. அதுக்குள்ள அந்தச் சிவப்பை முடிச்சிடணும்னு ராப்பகலா கிடந்தாரு. நீங்க அதை அழிச்சிட்டீங்களாமே?"

அதட்டிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

அவர் கம்பெனிக்கு ஓடினார். இரண்டு பூட்டையும் திறந்தார். ஒரு டிஸ்கில் தேடினார், இன்னொரு டிஸ்கில் தேடினார். சிஸ்டம் டிஸ்கை அவர் வேறு எங்கும் பேக்கப் எடுப்பதில்லை. குளோன் இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டவர். இரண்டு பூட்டுக்குள்ளே இரண்டு டிஸ்க், இரண்டும் ஒன்று, இரண்டிலும் அந்தச் சிவப்பு இல்லை. அழிந்ததைச் சுரண்டி எடுக்கிற ஆட்களையும் கூட்டி வந்து காட்டினார். மேலே எழுதியாகிவிட்டது, கீழே ஒன்றும் இல்லை என்று அவர்கள் கையை விரித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. இந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

அண்ணன் வீட்டில் வெளுத்த கதவு திறந்துதான் இருந்தது. தம்பி போய் நின்று நடந்ததைச் சொன்னார், மூலையைத் திறக்காமல் தாண்டியது உட்பட எதையும் ஒளிக்கவில்லை. அண்ணன் கேட்டார்:

"அப்ப நீயா அழிக்கலை."

"இல்லண்ணே. ஆனா பாத்திருக்கணும். பாக்கலை." கொஞ்சம் பொறுத்து, "நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே" என்றார்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா" என்றார் அண்ணன்.

அண்ணி டீ கொண்டு வந்து வைத்தாள். கலர் ரூமில் குடிப்பது போலவே இருவரும் குடித்தார்கள். போகும்போது தம்பி தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருப்பதை இன்னொரு தடவை எழுதுவதுதானே அவர் தொழில். அசல் கையில் இருக்கும்போது படி எடுக்க முடியாதா என்ன?

முடியவில்லை. கலர் ரூமில் அண்ணன் இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. தகட்டை அளக்கிற கருவியில் வைத்துப் பார்த்தாள், நாள் கணக்காகக் கலந்து பார்த்தாள். எந்தப் பொடிகள் என்று தெரிந்தால்தான் வெயிலில் நிற்கும், அந்தப் பழைய டப்பாக்களும் இப்போது இல்லை என்றாள். கடைசியில் அவள் கொடுத்த தகடு டியூப்லைட்டில் அண்ணன் தகட்டோடு ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. முற்றத்துக்குக் கொண்டு போனார். அண்ணனுடையது சிவப்பாகவே நின்றது. மற்றது ஆரஞ்சாகப் பல்லிளித்தது. அந்தப் பெண் மறைக்காமல், இது அது இல்லைங்க சார் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அதையும் சொல்லிவிடுவது என்றுதான் இரண்டு தகட்டோடும் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் இரண்டையும் வாங்கி விரலால் தடவினார், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு.

"வெயில்ல வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

அண்ணன் முகம் சாவி போட்டுத் திறந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் கலரைப் பற்றியும் அவர் இன்னொருவரிடம் கேட்டதில்லை. தம்பி சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

அண்ணன் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு அண்ணியைக் கூப்பிட்டார். "படி எடுக்கிறவன்னு கேலி பண்ணேன். பாரு, அவன்தான் என் கலரைக் காப்பாத்திட்டான்" என்றார். அன்றைக்கு டீ மேசையில் குத்திய முள் இப்போதுதான் வெளியே வந்தது, வந்த வேகத்தில் இன்னும் ஆழமாக வேறு இடத்தில் இறங்கியது.

அடுத்த வாரமே அண்ணன் பிடிவாதமாகக் கதவுக்கு அந்தப் பெயிண்டை அடிக்கச் செய்தார். அந்தக் கதவு தெருவைப் பார்த்து நிற்கிறது. காலையில் சிவப்பாக இருக்கும். மதியத்துக்கு மேல் வெயில் நேராக அதன்மேல் விழும். விழுந்ததும் மெல்ல மெல்ல வேறு கதவாகிவிடும். அண்ணி முதல் நாளே பார்த்துவிட்டாள். தம்பியை ஒரு பார்வை பார்த்ததோடு விட்டுவிட்டாள். அண்ணன் அந்த வெயிலில்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். கம்பெனியிலிருந்து யாராவது பார்க்க வந்தால், வெயில்லயும் மாறலை பாத்தீங்களா என்று கதவைக் காட்டுகிறார். வந்தவர்கள் கதவைப் பார்த்து, உள்ளே நிற்கிற அண்ணியைப் பார்த்து, ஆமாங்க என்கிறார்கள்.

ரெட்டைப்பூட்டு இப்போது சிஸ்டம் டிஸ்கையும் தனியாகப் பேக்கப் எடுக்கிறார். பழைய டிஸ்கை அழிக்கும்போது "ரெண்டும் ஒண்ணு" என்று சொல்வதில்லை. அண்ணன் வீட்டுக்கு வாரம் தவறாமல் போகிறார், பொழுது சாய்ந்து கதவின் மேல் வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து.

போன வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன் உள்ளேயிருந்து கேட்டார்: "ஏன்டா, லீவு நாள்லகூட நீ பகல்ல வரவே மாட்டேங்குறியே?"

வேலை இருந்துச்சுண்ணே என்றார் அவர். அண்ணன் எழுந்து வந்து, கையை நீட்டிக் கதவைத் தடவிக்கொண்டே, சரி, உள்ள வா என்றார்.